'ஸ்குரூட்டினி'க்குத் தமிழ் என்ன? (படைக்கருவி வாங்கலும் நாடாளுமன்றமும்)

ஆய்தம் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி அரசியல் அறிவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாதுகாப்புக் கொள்கையையும் படைக்கருவி வாங்குவதையும் நாடாளுமன்றம் எப்படிக் கேள்வி கேட்கிறது என்ற இயலில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் 'ஸ்குரூட்டினி' என்று ஒரு சொல், அரசு செய்வதைத் துருவிப் பார்ப்பது என்ற பொருளில், முப்பது இடத்திலாவது வருகிறது. கூடவே 'ஓவர்சைட்', 'புரொகியூர்மென்ட்', 'அக்விசிஷன்' (இரண்டுமே வாங்குவதைத்தான் சொல்கின்றன), 'ஆஃப்செட்'. 'பார்லிமென்டரி ஓவர்சைட்' என்பதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தேன், அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டு 'நாடாளுமன்றக் கவனப்பிசகு' என்று தந்தது. சில நாள் அதுவும் பொருந்தும், ஆனால் பாடநூலில் போட முடியாது. இதுவரை நான் போட்டிருப்பது 'மேற்பார்வை'. மனம் ஒப்பவில்லை.

சந்தி எழுதியது:

'பரிசீலனை' இருக்கிறதே? வேட்புமனு பரிசீலனை என்று தேர்தலுக்குத் தேர்தல் படிக்கிறோம். வகுப்பில் விளக்கமே தேவைப்படாது.

குற்றியலுகரம் எழுதியது:

வடசொல் என்பதை விட்டுவிடுகிறேன், விட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தால் தமிழன் என்ன புரிந்துகொள்கிறான்? கிணற்றில் போட்ட கல் என்றுதானே? நாடாளுமன்றம் ஒரு பீரங்கி ஒப்பந்தத்தைப் பரிசீலித்தது என்றால், தூக்கி ஓரமாக வைத்துவிட்டது என்று மாணவன் எழுதுவான்.

ஒற்று எழுதியது:

ஆய்தம் அக்கா, கணக்குத் தணிக்கையில் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மேற்பார்வை'யை எடுத்துவிடுங்கள். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தபோதே, அன்றாட நிர்வாகத்தில் இவை தலையிடக் கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவில் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. மானியக் கோரிக்கையை, அதாவது துறையின் செலவுக்கு அரசு அவையிடம் கேட்கும் தொகையை, படித்துப் பார்ப்பார்கள், அதிகாரிகளை வரவழைத்துக் கேட்பார்கள், அறிக்கை வைப்பார்கள். அந்த அறிக்கை அரசைக் கட்டாது, பரிந்துரை மட்டும்தான். மேற்பார்வையாளர் என்றால் கட்டட வேலையில் கூடவே நின்று 'இந்தச் செங்கல்லை மாற்று' என்பவர். நிலைக்குழுவுக்கு அந்த வேலையும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை.

'தணிக்கை'யும் உதவாது. அது காசு போன பிறகு வருவது. பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், 1967இலிருந்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைத் தலைவராக வைப்பது மரபு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் அவர்கள் உட்காருவார்கள். போஃபர்ஸ் என்ற ஸ்வீடன் நிறுவனத்திடம் பீரங்கி வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் 1986 மார்ச். ஸ்வீடன் வானொலி லஞ்ச விவகாரத்தைக் கிளப்பியது 1987 ஏப்ரல். நாடாளுமன்றக் கூட்டுக் குழு வந்தது அந்த ஆகஸ்டில். தணிக்கை அறிக்கை 1989. ஒப்பந்தம் முடிந்து ஊரெல்லாம் பேசிய பிறகுதான் எல்லாம்.

ஜெர்மனியில் கதை வேறு. இரண்டரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட படைக்கல ஒப்பந்தம் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நாடாளுமன்ற வரவுசெலவுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதையும் இதையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். முன்பு கேட்பதும் பின்பு கேட்பதும் இரண்டும் அடங்கும் சொல்லாகப் பாருங்கள். 'கூராய்வு' என்று போடலாம் என்று நினைக்கிறேன்.

சந்தி எழுதியது:

இன்று காலை கரும்பலகையில் 'நாடாளுமன்றக் கூராய்வு' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் வரிசையில் ஒரு பையன், 'மிஸ், போஸ்ட்மார்ட்டம் தானே?'

குற்றியலுகரம் எழுதியது:

அது உடற்கூறாய்வு. கூறு கூறாகப் பிரித்து ஆய்வது, வல்லின றகரம். இது கூர் + ஆய்வு, இடையின ரகரம். பாதிச் செய்தித்தாள்கள் உடற்கூராய்வு என்று எழுதிக் குழப்பிவைத்திருக்கின்றன என்பதற்காக நாம் சொல்லைக் கைவிடுவதா?

ஒற்று எழுதியது:

பையன் சொன்னதில் தப்பில்லை ஐயா. போஃபர்ஸில் நடந்தது போஸ்ட்மார்ட்டம்தானே.

அளபெடை எழுதியது:

வணக்கம். இலங்கையில் இதற்கெல்லாம் சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன என்பதைத் தமிழக நண்பர்கள் வழக்கம்போல் மறந்துவிடுகிறீர்கள். எங்கள் பாராளுமன்றத்தில் இருப்பவை துறைசார் மேற்பார்வைக் குழுக்கள். 'புரொகியூர்மென்ட்' எங்களுக்குப் 'பெறுகை', தேசிய பெறுகை ஆணைக்குழு என்றே ஒன்று இருக்கிறது. நெல்லுக்கும் கொள்முதல், நீர்மூழ்கிக் கப்பலுக்கும் கொள்முதல் என்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?

'கண்காணிப்பு' என்று யாராவது தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் கூலியாட்களை வேலை வாங்கிய கங்காணிதான் தெரிவார். ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்ட தமிழ்ச் சொல் அது, பெருமைப்பட ஏதும் இல்லை.

குற்றியலுகரம் எழுதியது:

அளபெடை சொல்வது சரி, கண்காணி வேண்டாம். ஆனால் பெறுகை என்றால் சும்மா வந்ததைப் பெற்றுக்கொள்வது. பரிசு பெறுகிறோம், பட்டம் பெறுகிறோம். கொள்வதில்தான் தெரிவு இருக்கிறது. வள்ளுவர் 504இல் சொல்லவில்லையா, 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்'? போட்டி ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும் முறையே அதுதான். மூன்று முறை நாடிவிட்டு அப்புறம்தான் கொளல். ஆகவே நம் முதற்சொல்லும் அதிலேயே கிடைக்கிறது: நாட்டம். நாடாளுமன்ற நாட்டம்! ஓசையும் அமைகிறது.

சந்தி எழுதியது:

ஐயா, 'போர் விமானம் வாங்குவதில் நாடாளுமன்றத்தின் நாட்டம்' என்று படித்தால், உறுப்பினர்கள் எல்லாம் விமானம் வாங்க ஆசைப்படுகிறார்கள் என்றுதான் பொருள் வரும்.

ஆய்தம் எழுதியது:

நாள் இரண்டு கழிந்துவிட்டது. 'அக்விசிஷன்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 'கையகப்படுத்தல்' போட்டிருந்தேன். 'இந்தியா 36 ரஃபேல் விமானங்களைக் கையகப்படுத்தியது' என்று வாசித்தால் பிரான்சிடமிருந்து பறித்துக்கொண்டு வந்தது போல இருக்கிறது.

ஒற்று எழுதியது:

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 2002இல் கொண்டுவந்த நடைமுறை விதித்தொகுப்பின் பெயரில் 'புரொகியூர்மென்ட்' இருந்தது. 2020இல் அதை 'அக்விசிஷன்' ஆக்கிவிட்டார்கள். அது மூலதனச் செலவுக்கு: விமானம், கப்பல், பீரங்கி. உதிரிபாகம், பழுதுபார்ப்பு, அன்றாடத் தேவை எல்லாம் வருவாய்ச் செலவு. அதற்கான கையேடு மட்டும் இன்றும் பழைய சொல்லோடுதான் இருக்கிறது. தமிழிலோ கொள்முதலுக்குள்ளேயே 'முதல்' உட்கார்ந்திருக்கிறது. நியாயப்படி மூலதனச் செலவுக்குத்தான் அந்தச் சொல் போக வேண்டும். ஆனால் அப்படி மாற்றினால் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

என் யோசனை: இரண்டுக்கும் கொள்முதல், தேவையான இடத்தில் மட்டும் 'மூலதனக் கொள்முதல்' என்று அடைமொழி. அக்காவுக்கு நேரம் இல்லை.

அளபெடை எழுதியது:

நேரமின்மை ஒரு வேர்ச்சொல் ஆய்வு அல்ல.

குற்றியலுகரம் எழுதியது:

'ஆஃப்செட்' விடுபட்டுப்போகிறது. விற்கும் அயல்நாட்டு நிறுவனம் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை இங்கேயே திருப்பிப் போட வேண்டும் என்பதுதானே விதி? அப்படியானால் 'ஈடு'. ஈடு செய்தல், ஈடு கட்டுதல், அடகுக்கும் ஈடு. நம்மாழ்வார் திருவாய்மொழிக்கு வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் ஏற்றிய உரைக்கும் ஈடு என்றே பெயர், முப்பத்தாறாயிரப்படி. மூலத்துக்கு உரை ஈடானது என்றும், ஈடுபாட்டில் பிறந்ததால் ஈடு என்றும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். இரண்டாவதை ஏற்றால் ஈடு என்பதன் வேர் இடு...

ஒற்று எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை! ஈடு நல்ல சொல், வைத்துக்கொள்வோம். வழக்கமான பங்கு 30 விழுக்காடு. முதலில் 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு இருந்தது, 2016இல் 2,000 கோடியாக உயர்த்தினார்கள். பாடநூலில் 'ஈட்டு முதலீடு' என்று போட்டால் வட்டிக்கடை நினைவு வராது.

சந்தி எழுதியது:

முதற்சொல்லுக்கு வருவோம். 'கூர்ந்தாய்வு' என்றால் போஸ்ட்மார்ட்டம் போய்விடுகிறது. இன்னொரு வகுப்பில் எழுதிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

குற்றியலுகரம் எழுதியது:

கூர்ந்து என்பது வினையெச்சம், ஆய்வு பெயர். வினையெச்சம் பெயரோடு எப்படி முடியும்?

சந்தி எழுதியது:

பொறியியல் கல்லூரிக்கு ஆண்டுதோறும் 'கலந்தாய்வு' நடக்கிறது ஐயா. அது எப்படி முடிந்ததோ அப்படியே இதுவும்.

அளபெடை எழுதியது:

ஆய்வு என்பது தொழிற்பெயர், வினையெச்சத்தை ஏற்கும். ஐயாவுக்கும் இது தெரியும்.

ஒற்று எழுதியது:

ஒரு நெருடல் மட்டும். கூர்ந்தாய்வு என்றால் பார்க்கிறவருக்கு முன்னால் தாள் முழுதாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு. ரஃபேல் தணிக்கை அறிக்கை 2019 பிப்ரவரியில் அவைக்கு வந்தபோது, விமானங்களின் விலை பழைய விலைப்புள்ளியைவிட 2.86 விழுக்காடு குறைவு என்று இருந்தது. ஆனால் ரூபாய்க் கணக்கை மறைத்திருந்தார்கள். பல ஆண்டுகளில் பாதுகாப்பு மானியக் கோரிக்கை விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் நிறைவேறியிருக்கிறது. கூர்ந்து பார்க்கக் கண் இருந்து என்ன, விளக்கை அணைத்துவிட்டால்? இருந்தாலும் என் வாக்கு கூர்ந்தாய்வுக்கே.

குற்றியலுகரம் எழுதியது:

தம்பி ஒற்று தன்னை அறியாமல் என் பக்கம் வந்துவிட்டார். நாடாளுமன்றம் செய்வது பார்ப்பது அன்று, கேட்பது. அமைச்சரைக் கேட்பது, படைத்தலைமையைக் கேட்பது, பதில் வராவிட்டால் மறுபடி கேட்பது. அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் உசாவல். முன்பும் உசாவலாம், பின்பும் உசாவலாம். தாள் கைக்கு வராதபோதுதான் உசாவவே வேண்டும். நாடாளுமன்ற உசாவல்.

சந்தி எழுதியது:

அழகான சொல்தான் ஐயா. தேர்வில் எத்தனை பேர் 'உஷார்' என்று எழுதுவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆய்தம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கூர்ந்தாய்வுக்கு ஐந்து பேர் (இருவர் எனக்குத் தனி மடலில்), உசாவலுக்கு ஒருவர். அளபெடை, பெறுகைக்கு நீங்கள் மட்டும்தான், அதனால் கொள்முதலே நிற்கிறது. ஆனால் பின்னிணைப்பில் 'இலங்கை வழக்கு' என்று சேர்த்திருக்கிறேன். ஈட்டு முதலீடும் நூலில் ஏறிவிட்டது. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அளபெடை எழுதியது:

பின்னிணைப்பில் இடம் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. இருந்தாலும் நன்றி.

குற்றியலுகரம் எழுதியது:

என் மறுப்பு பதிவாகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது உசாவலை மறுபடி எடுப்பேன்.

சந்தி எழுதியது:

அக்கா, நீங்கள் பகிர்ந்த கோப்பில் நிலைக்குழு பற்றிய பத்தியில் மட்டும் இன்னும் 'மேற்பார்வை' என்றே நிற்கிறது. விட்டுப்போயிற்றா?

ஆய்தம் எழுதியது:

விட்டுப்போயிற்று. அந்தக் கருவி சொன்ன மொழிபெயர்ப்பு எனக்காவது பொருந்தியது.