அரை மாத்திரையில என்ன ஆகிடும்?

அரூர்க்காரன்: ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்குத் தூக்க மாத்திரை கேட்கிறவங்க விவரம் கெட்டவங்கன்னு பென்னாகரம் அக்கா நேத்து எழுதினாங்க. சுருக்குனு தெச்சுது. எங்கப்பாவுக்கு 78 வயசு. மூணு ராத்திரியா கண்ணு மூடல. அரை அல்பிரசோலம் கேட்டேன், தரல. அரை மாத்திரையில என்னங்க ஆகிடும்?

பென்னாகரம் அக்கா: ஆகும் தம்பி. 31 வருஷம் வார்டுல நைட் டூட்டி பார்த்தவ சொல்றேன். வயசான உடம்புல இந்த மருந்து சீக்கிரம் இறங்காது. ஒண்ணுக்குப் போக எந்திரிப்பாரு, கால் தள்ளாடும், விழுந்தா இடுப்பெலும்பு போச்சு. வயசானவங்களுக்கு எந்த மருந்து ஆகாதுன்னு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் போடுற பீர்ஸ் பட்டியல், 2023 பதிப்புலயும் இந்த வகையைத் தவிர்க்கத்தான் சொல்லுது. சோல்பிடம்ங்கிற இன்னொரு தூக்க மாத்திரையும் சேர்த்துத்தான்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: அமெரிக்காவை விடுங்க. அவர் கேட்டது அரை.

பாலக்கோடு மருந்துக்கடை: எதுல அரை? 0.25 மில்லிகிராம் மாத்திரையிலயா, 0.5லயா? எச்1 மருந்து அது, சீட்டு இல்லாம நான் கால்கூட தர மாட்டேன்.

அரூர்க்காரன்: எதுல இருந்தா என்ன? அரை அரைதான்!

பென்னாகரம் அக்கா: தூக்கம் ஏன் வரலைன்னு பார்த்தியா? சாயங்காலம் நீர் மாத்திரை போட்டா ராத்திரி பூரா எந்திரிக்கணும், அதைக் காலையில மாத்தலாமான்னு டாக்டரைக் கேளு. நாலு மணிக்கு மேல காபி வேண்டாம். பகல்ல ஜன்னலோரம் உட்கார வை. கண்ணாடி, காது மெஷின் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். ஷாரன் இனோயின்னு ஒரு அமெரிக்க முதியோர் டாக்டர், அவங்க குழு 1999ல ஆஸ்பத்திரியில இருந்த 852 முதியவங்களை வச்சு எழுதினாங்க. ராத்திரி வெதுவெதுப்பா குடிக்கக் கொடுத்து, முதுகு நீவி, சத்தத்தைக் குறைச்சு, பகல்ல நடக்க வச்சு இன்னும் சிலதும் பார்த்தாங்க. அப்படிக் கவனிச்சவங்கள்ல 9.9 சதவீதம் பேருக்குத்தான் புத்தி தடுமாறுச்சு. வழக்கமான கவனிப்புல 15.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: முதுகு நீவுற கதை எதுக்கு? ரெண்டு மணிக்கு லைட்டைப் போட்டு பிபி பார்க்கிறது உங்க ஆளுங்கதானே?

பென்னாகரம் அக்கா: தேவையில்லாத பிபியை நிறுத்தச் சொல்லி நான் டாக்டர்கிட்ட எழுதி வாங்கியிருக்கேன். உங்களுக்கு அந்த மாம்பழக் கார்பைடு கல்லு சண்டையில இருந்தே என் மேல காட்டம்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: எங்க மாம்பழம் மொத்தமும் கல்லு வச்சுப் பழுத்ததுன்னு சொன்னது யாரு? 2004ல மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து தர்மபுரிக்காரங்களுக்கு இதே வயித்தெரிச்சல்.

பாலக்கோடு மருந்துக்கடை: மாவட்டத்தை ஏன் இழுக்கறீங்க? 0.25ஆ, 0.5ஆ?

ஓசூர் பேத்தி: அண்ணா, தாத்தா வெறுமனே முழிச்சிருக்காரா, பிதற்றுறாரா? ரெண்டும் வேற.

அரூர்க்காரன்: "மாட்டை அவுத்து வுடுடா"ன்னு கத்துறாரு, என்னையே யாருன்னு கேட்கிறாரு. அதுக்குத்தான் அரை கேட்டேன்!

பென்னாகரம் அக்கா: தம்பி, அது தூக்கக் கோளாறு இல்ல! மூத்திரத் தொற்றா, சோடியம் குறைஞ்சிருக்கா, மலம் கட்டியிருக்கா, வலியான்னு பார்க்கணும். இப்பவே டியூட்டி டாக்டரைக் கூப்பிடு. அரை போட்டா இன்னும் குழம்பும்.

அரூர்க்காரன்: கூப்பிடறேன். ஆனா மூணு ராத்திரி அந்த பெஞ்சுல உட்கார்ந்தவன் நான். அரை மாத்திரைக்கு என்னை விவரம் கெட்டவன்னு சொன்னது தப்புதான்.

பென்னாகரம் அக்கா: சொன்னதை மாத்த மாட்டேன்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு: மாம்பழத்துக்கும் இப்படித்தான் சொன்னாங்க.