கிட்இக்னோர் போட்டும் ஃபைல்கள் போகவில்லை, அவசரம்

அரைடிக்கெட்: வணக்கம். மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட்டுக்குள் புராஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் தெரியாமல் போய்விட்டன. எதையெல்லாம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைல் போட்டேன், கேட்கவே மாட்டேன் என்கிறது. ஒரு வரி நிரலை மாற்றினால் ஸ்டேட்டஸில் நூற்றுக்கணக்கில் சிவப்பாக நிற்கிறது. நண்பன் புல் செய்தால் (என் மாற்றங்களை இறக்கினால்) கான்ஃபிளிக்ட். நாளைக்கு டெமோ. யாராவது சொல்லுங்களேன்.

பவானிக்கரை: எதில் எழுதிய புராஜெக்ட்? இரண்டு மூன்று ஃபைல் பெயராவது போடுங்கள். சர்வருக்கு புஷ் ஆகிவிட்டதா, உங்கள் மெஷினில் மட்டும்தானா?

திண்ணைவாசி: விண்டோஸா? சந்தேகமே வேண்டாம், லைன் எண்டிங்தான் (வரி முடிவுக் குறி மாறுவது). அதை மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங்கைப் பாருங்கள்.

மூத்தகுடி: இதற்கு இங்கே எத்தனை முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. கிட்இக்னோர் இன்னும் டிராக் ஆகாத (கிட் கண்காணிக்கத் தொடங்காத) ஃபைல்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே கமிட் ஆனதை (கிட்டில் பதிவானதை) அது தொடாது. 'கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட்' போட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்து கமிட் செய்யுங்கள். கேஷ்டை விட்டுவிட்டால் டிஸ்க்கிலிருந்தும் போய்விடும், அப்புறம் இங்கே வந்து அழக்கூடாது.

அரைடிக்கெட்: சிஎஸ்புரோஜ், எஸ்எல்என் என்ற புராஜெக்ட் ஃபைல்கள், லைப்ரரி ஃபோல்டர் முழுக்க. புஷ் ஆகிவிட்டது.

நெட்டுக்காரன்: ஐயோ, சிஎஸ்புரோஜை எடுக்காதீர்கள்! அது இல்லாமல் பில்டே ஆகாது. பில்டில் உருவாகும் 'பின்', 'ஓபிஜே' ஃபோல்டர்கள் இரண்டையும் மட்டும் எடுங்கள்.

பவானிக்கரை: லைப்ரரி என்கிறாரே, யூனிட்டி கேம் எஞ்சின் மாதிரி இருக்கிறது. அங்கே சிஎஸ்புரோஜை எடிட்டரே உருவாக்கிக்கொள்ளும், கமிட் செய்யத் தேவையில்லை. அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட்செட்டிங்ஸ் மூன்றும் இருந்தால் போதும். மெட்டா ஃபைல்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அதிலுள்ள ஐடி மாறினால் சீனில் (கேம் காட்சியில்) இணைத்ததெல்லாம் அறுந்துபோகும்.

நெட்டுக்காரன்: சிஎஸ்புரோஜ் என்றாலே மைக்ரோசாஃப்டின் டாட்நெட்தானே? பத்து பேர் வேலை செய்கிற இடத்தில் சிஎஸ்புரோஜை இக்னோர் செய்து பாருங்கள், தெரியும்.

மூத்தகுடி: யூனிட்டியைத் திறந்தே பார்க்காதவர்கள் யூனிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

நெட்டுக்காரன்: அவர் யூனிட்டி என்று எங்கே சொன்னார்? நீங்களும் ஊகம்தானே செய்கிறீர்கள்?

அரைடிக்கெட்: யூனிட்டிதான். மூத்தகுடி அண்ணா சொன்னபடி எடுத்து கமிட் செய்தேன். சிஎஸ்புரோஜ் ஸ்டேட்டஸிலிருந்து போய்விட்டது. லைப்ரரி மட்டும் மறுபடி ஸ்டேட்டஸில் வந்து நிற்கிறது.

பவானிக்கரை: 'கிட் செக்-இக்னோர் -வி' என்று போட்டு, லைப்ரரிக்குள் இருக்கிற ஏதாவது ஒரு ஃபைலின் பாதையைக் கொடுங்கள். எந்த வரி அதைப் பிடிக்கிறது என்று காட்டும்.

அரைடிக்கெட்: ஒன்றும் வரவில்லை. காலியாக இருக்கிறது.

பவானிக்கரை: அப்படியானால் எந்த வரியும் பிடிக்கவில்லை. கிட்இக்னோர் எங்கே இருக்கிறது? யூனிட்டி புராஜெக்ட் ரெப்போவின் (கிட் கண்காணிக்கும் முழு ஃபோல்டரின்) உச்சியிலா, உள்ளே தனி ஃபோல்டரிலா?

அரைடிக்கெட்: இக்னோர் உச்சியில். புராஜெக்ட் 'கேம்' ஃபோல்டருக்குள். இக்னோர், கிட்ஹப் தளத்தில் இருக்கும் டெம்ப்ளேட், அப்படியே எடுத்தது.

பவானிக்கரை: அதுதான் கோளாறு. அந்த டெம்ப்ளேட்டில் லைப்ரரி வரி சாய்வுக்கோட்டில் தொடங்கும். முன்னால் கோடு இருந்தால், இக்னோர் ஃபைல் இருக்கிற அதே மட்டத்தில் மட்டும்தான் தேடும். உள்ளே இருக்கிற கேம்/லைப்ரரி அதன் கண்ணில் படாது. சிஎஸ்புரோஜ் வரிக்கு அந்தக் கோடு கிடையாது, அதனால் எந்த ஆழத்திலும் பிடித்துவிட்டது. இக்னோரை கேம் ஃபோல்டருக்குள் நகர்த்துங்கள். இன்னொன்று, நண்பர் புல் செய்யும்போது அவர் மெஷினில் இருக்கிற லைப்ரரி ஃபைல்கள் அழியும். எடிட்டரை மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அடுத்து திறக்கும்போது எல்லாம் மறுபடி இம்போர்ட் ஆகும், நேரமெடுக்கும். டெமோ அவர் மெஷினில் என்றால் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

மூத்தகுடி: பழைய கமிட்டுகளில் லைப்ரரி அப்படியே கிடக்கும். குளோன் (ரெப்போவின் முழு நகல்) பெருத்துப்போகும். ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை ஓட்டி வரலாற்றிலிருந்தே துடைத்தால்தான் முழுத் தீர்வு.

பவானிக்கரை: நாளைக்கு டெமோ வைத்துக்கொண்டு ஹிஸ்டரியை மாற்றி எழுதி, சர்வரில் இருப்பதன்மேல் ஃபோர்ஸ் புஷ்ஷா? நண்பர் மறுபடி குளோன் செய்ய வேண்டியிருக்கும். டெமோ முடியட்டும், அப்புறம் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

மூத்தகுடி: அப்புறம் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அரைடிக்கெட்: நகர்த்தினேன், சரியாகிவிட்டது. நன்றி.

பவானிக்கரை: நண்பர் புல் செய்தாரா?

குட்டிபைட்: எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் அன்ரியல் கேம் எஞ்சின். சேவ்டு ஃபோல்டர் உள்ளே போய்விட்டது.

மூத்தகுடி: தனி இழை தொடங்கவும்.