1 யோவான் 5:7 பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லையாமே?

நெல்லை வாசகன்:
எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7-ல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று பளிச்சென்று இருக்கிறது. கத்தோலிக்க நண்பன் வைத்திருக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பில் அந்த வரியே இல்லை. கேட்டால், பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது என்கிறான். திரித்துவத்துக்கு இருக்கிற நேரடி வசனமே அதுதானே? வாலிபர் கூட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்ல?

ஏட்டுப்பூச்சி:
நண்பர் சொன்னது சரிதான் பிரதர். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் அது இல்லை. லத்தீனில் வழங்கிவந்த வரி அது. இராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, ஏன் விட்டாய் என்று ஏகப்பட்ட கண்டனம், அப்புறம் அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினார்கள் (அதுவே 16ஆம் நூற்றாண்டில் எழுதியது, இப்போது டப்ளினில் இருக்கிறது), 1522 பதிப்பில் போட்டுவிட்டார். நம் பழைய தமிழ் வேதாகமத்துக்கு அந்தப் பதிப்புகளின் வழியாகத்தான் வந்தது.

ஆனால் திரித்துவம் இந்த வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. 325-ல் நிசேயாவில் சபைத் தலைவர்கள் கூடி விசுவாசப் பிரமாணம் எழுதினார்கள், 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் அதை விரித்தார்கள். குமாரன் பிதாவுக்குச் சமமில்லை என்ற ஆரியுஸ் கட்சியோடு அத்தனை வருடம் மல்லுக்கட்டிய கிரேக்கப் பிதாக்கள் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவே இல்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? மத்தேயு 28:19, யோவான் முதல் அதிகாரம் இவற்றை வைத்துத்தான் வாதாடினார்கள்.

கேள்விக்குறி:
சரி, ஒரு வரி பின்னால் சேர்ந்தது என்றால் மற்றவை? மாற்கு 16:9-20 அந்த இரண்டு பிரதியிலும் இல்லை. யோவான் 8-ல் வருகிற விபசார ஸ்திரீயின் சம்பவமும் இல்லை. பிரசங்கத்தில் இதையெல்லாம் யாரும் மூச்சுவிடுவதில்லை, எனக்குக் கோபமே அதில்தான்.

கும்ரான் பிரியன்:
கோபம் நியாயம். ஆனால் பின்னால் சேர்ந்தது எது என்று நமக்குத் தெரிவதே பிரதிகள் நிறையக் கிடைத்ததால்தான், ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. சவக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளைப் பாருங்கள்: 7 மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கிறது, அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. எழுத்துக்கூட்டல் வேறுபாடு ஏராளம், ஆனால் நாம் வாசிக்கிற அதே ஏசாயாதான். எல்லாப் புத்தகமும் அப்படி என்று சொல்லமாட்டேன். எரேமியாவின் குட்டையான வடிவமும் அங்கே கிடைத்தது. கோலியாத்தின் உயரம் நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு ஜாணும், அங்கே கிடைத்த சாமுவேல் பிரதியில் நாலு முழமும் ஒரு ஜாணும்! (எனக்கு நாலுதான் நம்பும்படி இருக்கிறது.)

ஏட்டுப்பூச்சி:
நெல்லை வாசகனுக்கு: கூட்டத்தில் கேட்டால் மழுப்பாமல் இராஸ்மஸ் கதையையே சொல்லுங்கள். சீனாய்ப் பிரதி முழுவதும் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திறந்தே காட்டலாம்.