வெள்ளை எழுத்து, நீலப் பட்டை: 4.5-ஆ, 4.499-ஆ?

மெய்ப்புமாறன்:
விண்டோஸில் எழுத்தோரத்தை வழவழப்பாக்கும் கிளியர்டைப் வசதி பற்றி நேற்று வேறொரு இழையில் ஒருத்தர் உதிர்த்த முத்து: "கிளியர்டைப் ஆன்ல இருந்தா செலக்ட் பண்ணின வரியும் பளிச்னு தெரியும். தெரியலைன்னா கண் டாக்டரைப் பாருங்க." பார்த்தாச்சு ஐயா, கண் நல்லாத்தான் இருக்கு. நாள் முழுக்க மெய்ப்புப் பார்த்துச் சோறு சாப்பிடுகிறவன் நான். நோட்பேடில் நிர்மலா எழுத்துருவைச் சின்ன அளவில் வைத்து "அவர்கள்" என்று அடித்து, செலக்ட் பண்ணிப் பாருங்கள். இரண்டு புள்ளியும் பின்னால் வரும் பட்டையின் நீலத்துக்குள் கரைந்துவிடும். விண்டோஸ் 10-இல் அந்த நீலம், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0, 120, 215 (உச்சம் 255). அதன் மேல் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 4.499. எல்லாரும் படிக்க வசதியாக இருக்க வேண்டும் என்கிற டபிள்யூசிஏஜி விதி கேட்பது குறைந்தது 4.5. ஃபெயில்.

நீலன்_டெவ்:
அந்த முத்தை உதிர்த்தது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோச்சுக்க மாட்டேன். 4.499-க்கும் 4.5-க்கும் என்ன சார் வித்தியாசம்? ரவுண்ட் பண்ணினா முடிஞ்சுது. இதுக்கு ஒரு இழையா?

மெய்ப்புமாறன்:
ரவுண்ட் பண்ணக் கூடாது என்று அந்த விதியின் விளக்கத்திலேயே இருக்கிறது. உதாரணத்துக்கு அவர்கள் போட்டிருக்கிற எண் என்ன தெரியுமா? 4.499. தேறாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். படிக்காமல் டெவலப்பர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது சுலபம்.

நீலன்_டெவ்:
படிச்சவர்தானே நீங்க? ஆன்டி அலியாசிங்கை, அதான் எழுத்தோரத்தை வழவழப்பாக்கற வேலையை, அணைச்சுட்டு அளக்கலாம்னும் அங்கேயே இருக்கே, அதை மட்டும் தாண்டிட்டீங்களா? அதோட அது வெப் பக்கம் எழுதறவங்களுக்கான விதி. நோட்பேடுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அது சரி, போன வருஷம் யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்காகப் பேசினவர்கிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கிறது.

மெய்ப்புமாறன்:
பாமினியை இங்கே இழுக்க வேண்டாம். அந்தச் சண்டையில் யார் பாதியில் ஓடினார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அணைத்துவிட்டு அளந்துதான் 4.499. ஆன் பண்ணினால் அதுவும் இல்லை. எழுத்தின் ஓரம் ஒரு பிக்சலில் பாதியை மூடினால் அந்தப் பிக்சல் வெள்ளையாக வராது, நீலமும் வெள்ளையும் கலந்து வெளிறிய நீலமாக வரும். தடித்த கோட்டுக்கு நடுவில் முழு வெள்ளை மிஞ்சும். புள்ளிக்கு நடு எங்கே இருக்கிறது? சின்ன அளவில் அது மொத்தமுமே ஓரம்தான்.

இன்னொன்று. கிளியர்டைப்பின் சூட்சுமமே பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவதுதான். இந்த நீல பட்டையில் நீலக் கீற்று ஏற்கெனவே 215-இல் நிற்கிறது. வெள்ளைக்கு 255 போதும். ஆக அது பெரிதாக அசைவதே இல்லை. மூன்று பேர் தூக்க வேண்டிய பல்லக்கை இரண்டு பேர் தூக்குகிறார்கள், நீங்கள் ஊர்வலம் அமோகம் என்கிறீர்கள்.

மேக்வாசி:
எங்க மேக் பக்கம் செலக்ட் பண்ணினா பின்னாடி வெளிர்நீலம், எழுத்து கறுப்பாவே இருக்கும். பிரச்சினையே இல்ல. சும்மா சொன்னேன் :)

மெய்ப்புமாறன்:
சும்மா இருந்திருக்கலாம். 2018-இல் மொஜாவே என்ற மேக் பதிப்பில் ஆப்பிள், கீற்றுக் கீற்றாக ஏற்றி இறக்கும் அந்தச் சப்பிக்சல் முறையையே கைகழுவியது. ரெட்டினா என்கிற நெருக்கமான பிக்சல் இல்லாத சாதா மானிட்டரில் உங்கள் மேக்கை மாட்டித் தமிழ் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

மேக்வாசி:
சாதா மானிட்டரை யார் சார் வாங்குறா இப்போ?

தட்டச்சுத்_தாத்தா:
தம்பிகளா, விண்டோஸ் 95-இல் இந்தப் பட்டை அடர்நீலம், 0, 0, 128. வெள்ளை எழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் 16. எழுத்தோரம் படிக்கட்டு மாதிரி இருந்தாலும் ஒரு புள்ளி தப்பாது. எக்ஸ்பியில் 49, 106, 197 ஆக்கினார்கள், 5-க்குக் கொஞ்சம் மேல். பில் கேட்ஸ் 1998-இலேயே மேடையில் காட்டிய கிளியர்டைப் விண்டோஸுக்குள் அந்த எக்ஸ்பியில்தான் வந்தது, அதுவும் நாமே போய் ஆன் செய்தால் உண்டு. விஸ்டாவில் தானாகவே ஆன். விண்டோஸ் 7-இல் பட்டை 51, 153, 255. கணக்குப் போட்டால் 3-கூடத் தேறாது. அப்போது நீங்கள் இருவரும் எங்கே போயிருந்தீர்கள்?

நீலன்_டெவ்:
தாத்தா, நன்றி! பாருங்க மாறன் சார், 3-க்கும் கீழே கிடந்ததை 4.5-க்கு ஏத்தியிருக்காங்க. இதுக்குப் பேர் முன்னேற்றம்.

மெய்ப்புமாறன்:
4.499.

நீலன்_டெவ்:
4.5.

மெய்ப்புமாறன்:
4.499. 16-இலிருந்து இறங்கி வந்த 4.499. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

நீலன்_டெவ்:
"நீல பட்டை"னு மேலே எழுதியிருக்கீங்க. "நீலப் பட்டை"தானே வரும்? மெய்ப்புப் பார்த்துச் சோறு சாப்பிடறீங்களாமே?

மெய்ப்புமாறன்:
வாதத்துக்குப் பதில் இல்லாதவன் ஒற்றுப் பார்ப்பான். உங்கள் செயலியின் மெனுவில் "சேமிக்க" என்பது இரண்டு வருடமாகச் "சேமிகக" என்று நிற்கிறது, நான் எங்கேயாவது சொன்னேனா?

வாசகி_72:
வேர்டுல செலக்ட் பண்ணினா சாம்பல் நிறம்தான் வருது, எழுத்தும் கறுப்பாவே இருக்கு. நீங்க எதைச் சொல்றீங்கன்னே புரியல. முதல்ல எந்தப் புரோகிராம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு அடிச்சுக்கலாமே?

நீலன்_டெவ்:
வாசகி மேடம், அதெல்லாம் அப்புறம். மாறன் சார், புள்ளி கரையுது கரையுதுங்கறீங்களே, ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்க பார்ப்போம்.

மெய்ப்புமாறன்:
போட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? என் திரைக்கென்று கலந்த சப்பிக்சல் நிறம் படத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். போன மாதம் இங்கே பெட்டி பிரிக்கிற படமெல்லாம் போட்டுப் பெருமையடித்தீர்களே, அந்தக் க்யூடி ஓஎல்இடி மானிட்டர், அதில் மூன்று கீற்றும் வரிசையாக இல்லை, முக்கோணமாக நிற்கின்றன. கிளியர்டைப்போ வரிசையாக நிற்பதாக நினைத்துத்தான் கலக்கிறது. ஓரமெல்லாம் சாயம் பூசின மாதிரி தெரிகிற திரையை வைத்துக்கொண்டு எழுத்துத் தெளிவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

நீலன்_டெவ்:
மானிட்டர் என் காசு. அதைப் பத்திப் பேசாதீங்க.

தட்டச்சுத்_தாத்தா:
அது என்ன விலை தம்பி?

மெய்ப்புமாறன்:
அவர் சொல்ல மாட்டார் தாத்தா. ரவுண்ட் பண்ணித்தான் சொல்வார்.