வேர்டை எடுத்துவிட்டு லிப்ரே ஒபிஸ் ரைட்டர் போட்டோம்: முதல் அபிப்பிராயம்

காலிவீதிக்காரன்:
வெள்ளவத்தையில் எங்கள் தட்டச்சுக் கடைக் கணினிகளில் இப்போது வேர்டுக்குப் பதில் லிப்ரே ஒபிஸ் ரைட்டர் என்ற இலவச மென்பொருள்தான். டியூஷன் மாஸ்டர்மாரின் டியூட் (பாடக் குறிப்பு), கல்யாண அழைப்பிதழ், சத்தியக்கடதாசி, வேலைக்கு அனுப்பும் சுயவிவரம், இவைதான் எங்கள் வேலை. மைக்ரோசொஃப்ட் ஒபிஸ் 2016க்கும் 2019க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. புதியதற்குச் சந்தா கட்டலாம், ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களிலேயே 360 வரை ஏறியதைப் பார்த்தவனுக்கு டொலர் கணக்கில் வருஷா வருஷம் கட்டும் எதுவும் வயிற்றைக் கலக்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். மெனுவைப் பார்த்துக் கடைப் பொடியன்கள் “வேர்ட் 2003 மாதிரி இருக்கு” என்று சிரித்தார்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் டேப்ட் என்பதைத் தெரிவுசெய்ததும் ரிப்பன் மாதிரியே வந்துவிட்டது, சிரிப்பும் நின்றது. எஃப்11ஐ அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் பக்கத்திலேயே திறக்கிறது, நீளமான டியூட்டில் எல்லா உபதலைப்பையும் ஒரே இடத்தில் மாற்றுவதற்கு வேர்டை விட இது சுகம் என்றுதான் சொல்வேன்.

எரிச்சல் தந்தது தமிழ். புதுப் பக்கம் திறந்து, லதா எழுத்துரு, அளவு 14 என்று வைத்துவிட்டு விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி அடித்தால் வேறு எழுத்துரு, வேறு அளவு. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொன்று என்று அது தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதற்கு டிக் போட்ட பிறகுதான் தமிழ் எழுத்துருவை நிரந்தரமாக வைக்கும் இடமே கண்ணில் படுகிறது. இதை ஏன் ஒளித்து வைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மற்றவர்களின் அனுபவம் எப்படி?

புதுக்கடைத் தட்டச்சு:
தம்பி, டியூட்டுக்கும் கல்யாண கார்டுக்கும் இது காணும். நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பக்கம் வந்து பாருங்கள். சட்டத்தரணி அனுப்புவது வேர்டின் டொக்எக்ஸ் கோப்பு, அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைக்கும் ஆவணத்தில், ஏழாம் பக்கத்தில் முடிய வேண்டிய பந்தி எட்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி ஓடிவிட்டால் முழுவதையும் திரும்ப பிரிண்ட் எடுக்க வேண்டும், கட்சிக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இலவசம் என்று எடுத்ததன் விலை அங்கேதான் தெரியும். சந்தா பிடிக்காவிட்டால் ஒபிஸ் 2024ஐ ஒரே தடவையாகக் காசு கட்டி வாங்கலாமே, அதை ஏன் சொல்லவில்லை?

காலிவீதிக்காரன்:
வாங்கலாம் அண்ணா, ஒரு கணினிக்கு என்றால். கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் என்று கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல போட்டோக்கொப்பி மெஷின் வாங்கும் யோசனை வந்துவிடுகிறது.

பக்கம் ஓடுவது ரைட்டரின் குற்றம் மட்டும் இல்லை. வேர்டின் வழக்கமான எழுத்துரு 2023இல் கலிப்ரியிலிருந்து ஆப்டொஸ் என்பதற்கு மாறியது. ஆப்டொஸ் இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வேர்ட் 2016இலும் வரி இடம் மாறும். கலிப்ரிக்கு ஒரே அகலத்தில் கார்லிட்டோ என்ற மாற்று ரைட்டரோடு வருகிறது, அதனால் பழைய கோப்புகள் பெரிதாக ஆடுவதில்லை. உங்கள் சட்டத்தரணி எந்த எழுத்துருவில் அனுப்புகிறார் என்று பாருங்கள்.

புதுக்கடைத் தட்டச்சு:
ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன். தமிழுக்குப் பாமினி. இருபது வருஷமாக அதேதான்.

மும்மொழி:
பாமினியா! அண்ணா, அந்த ஆவணத்தில் ஒரு பெயரைத் தேட முடிகிறதா உங்களுக்கு? அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போட்ட பழைய எழுத்துரு, அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் வரும், என்னிடம் மொழிபெயர்ப்புக்கு அப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் வைக்கும் யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல், விண்டோஸ் 2000த்தோடு லதா வந்துவிட்டது. இன்னும் பாமினி.

எனக்கு ரைட்டரில் உள்ள பிரச்சினை வேறு. நான் செய்வது மும்மொழிப் படிவங்கள். எழுத்துரு வைப்பதற்கு ரைட்டரில் ஆங்கிலத்துக்கு ஒரு பெட்டி, தமிழும் சிங்களமும் சேர்ந்து இன்னொரு பெட்டி. அதில் இஸ்கோலா பொத்த என்ற சிங்கள எழுத்துருவைப் போட்டால் சிங்களம் சரியாக வரும், தமிழ் அந்த எழுத்துருவில் இல்லாததால் ஏதோ ஒன்றை அதுவே எடுத்துப் போடும். லதாவைப் போட்டால் மறுபக்கம் இதே கதை. கடைசியில் சிங்களப் பந்திக்கு ஒரு ஸ்டைல், தமிழ்ப் பந்திக்கு ஒரு ஸ்டைல் என்று பிரித்த பிறகுதான் ஒழுங்காயிற்று. அவசரமாக முடிக்கும் வேலை என்றால் நிர்மலா யூஐ, அதில் இரண்டு மொழியும் இருக்கிறது, பார்க்க அவ்வளவு வடிவில்லை, ஆனால் வேலை நடக்கும். கொழும்பில் இருந்துகொண்டு ஒரு மென்பொருளை மதிப்பிடுகிறவர் மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நல்லது என்று எழுதக் கூடாது, காலிவீதித் தம்பி.

காலிவீதிக்காரன்:
அக்கா, எங்கள் கடைக்குச் சிங்கள வேலை குறைவு. ஆனால் ஸ்டைல் பிரிப்பது நல்ல யோசனை, குறித்துக்கொள்கிறேன்.

கம்பஸ் பொடியன்:
எல்லாரும் ஏன் இன்னும் கோப்பு, எழுத்துரு என்று சண்டை? கூகுள் டொக்ஸில் அடித்து லிங்கை அனுப்பினால் முடிந்தது. நாங்கள் நாலு பேர் ஒரே அறிக்கையை ஒரே நேரத்தில் எழுதுகிறோம். இதை ரைட்டரில் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.

புதுக்கடைத் தட்டச்சு:
கட்சிக்காரரின் காணி உறுதியை லிங்காக அனுப்பச் சொல்கிறாய். வாழ்க.

கொச்சிக்கடை:
2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது உங்கள் லிங்க் எங்கே இருந்தது தம்பி? லப்டொப் பற்றரியில் ஓடியது, ரவுட்டர் ஓடவில்லை.

கம்பஸ் பொடியன்:
ஒஃப்லைனிலும் திறக்கலாம், முன்கூட்டியே செட் பண்ணி வைத்தால். சரி, கரண்ட் போகிற நாளுக்காக மற்ற எல்லா நாளையும் வீணாக்குங்கள்.

புதுக்கடைத் தட்டச்சு:
பாமினியைப் பற்றி அந்தத் தங்கச்சி சொன்னதற்கு வருகிறேன். என் விரல் பாமினிக்குப் பழகியது. என்னிடம் வரும் பழைய வரைவுகள் எல்லாம் பாமினி. ஒரு உறுதியின் வரைவை எடுத்துப் பெயரையும் எல்லையையும் மாற்றி அரை மணியில் கொடுக்கிறேன், அதுதான் என் பிழைப்பு. இந்த ரைட்டரை ஒருவர் என் கணினியில் போட்டுத் தந்தார், முதல் வரியிலேயே “அவர்” என்று அடித்தது “ஆவர்” என்று வந்தது. “உங்கள்” என்று அடித்தால் “ஊங்கள்”. எழுத்தையே மாற்றுகிற மென்பொருளை வைத்துக்கொண்டு சத்தியக்கடதாசி அடிக்கச் சொல்கிறீர்களா?

காலிவீதிக்காரன்:
அண்ணா, அது ஓட்டோ கரெக்ட். பாமினியில் சின்ன எம் அடித்தால் அ, பெரிய எம் அடித்தால் ஆ. சின்ன சி உ, பெரிய சி ஊ. நீங்கள் தமிழில் அடிக்கிறீர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, அதைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. வேர்டும் இதையே செய்யும். உங்கள் வேர்டில் யாரோ எப்போதோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் நீங்கள் பார்க்கவில்லை. டூல்ஸ் மெனுவில் ஓட்டோ கரெக்ட் ஒப்ஷன்ஸ், அதில் வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

விரல் பழக்கமும் ஒரு தடை இல்லை. பாமினி முறையிலேயே அடித்து யுனிகோட் வரச்செய்யும் விசைப்பலகைகள் இருக்கின்றன. ரெங்கநாதன் என்ற மற்றத் தமிழ் விசைப்பலகை முறைக்குப் பழகினாலும் சரி.

புதுக்கடைத் தட்டச்சு:
பழைய வரைவுகளை யார் மாற்றித் தருவது?

மும்மொழி:
பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் கவனம். பாமினியும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தை அப்படியே மாற்றியில் ஒட்டினால் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். சட்ட ஆவணத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்குப் பின்னால் வரும் ஆங்கில ‘வி’ கூடத் தமிழாகிவிடும். இந்த இடத்தில் ரைட்டர் கை கொடுக்கிறது, அதன் தேடும் பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம், பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு மாற்றலாம். எந்த மாற்றி என்றாலும் பிறகு ஒருதரம் வரிக்கு வரி வாசித்துத்தான் ஆக வேண்டும் அண்ணா, எல்லையளவு ஒன்று பிழைத்தால் அடுத்த தலைமுறைக்கு வழக்கு.

கொச்சிக்கடை:
இன்னொன்றை யாரும் தொடவில்லை. கணினி வாங்கும்போது “எல்லாம் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லி வருகிற வேர்டில் எத்தனை காசு கட்டி வாங்கியது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்ட ஆவணம் அடிக்கிற இடத்திலேயே களவு மென்பொருள் என்றால் நன்றாகவா இருக்கிறது.

புதுக்கடைத் தட்டச்சு:
என்னுடையது காசு கட்டியது. பற்றுச்சீட்டு லாச்சியில் இருக்கிறது. கட்டிய காசுக்குத்தான் கதைக்கிறேன். ஜெர்மனியில் மியூனிக் நகரசபை உங்களை மாதிரித்தான் இலவச மென்பொருளுக்குப் போனது, 2004இல் ஆரம்பித்து, 2017இல் திரும்ப மைக்ரோசொஃப்டுக்கே போவதென்று முடிவெடுத்தது. அவர்களாலேயே முடியவில்லை.

காலிவீதிக்காரன்:
அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஒரு நாட்டை வைத்து இரண்டு பக்கமும் பேசலாம். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி வடிவம் 2006இலேயே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம் பெற்றது, டொக்எக்ஸுக்கு அது கிடைத்தது 2008இல். தரம் இல்லாத ஏதோ கள்ளக் கோப்பு இல்லை.

கம்பஸ் பொடியன்:
ஐஎஸ்ஓ சரி அண்ணா, ஆனால் எங்கள் லெக்சரர் ஓடிடி அனுப்பினால் “திறக்கவில்லை” என்று திருப்பி அனுப்புகிறார். வேர்டில் அது திறக்கும் என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மும்மொழி:
நான் இப்போது செய்வது இதுதான். என் பிரதியை ஓடிடியாக வைத்திருக்கிறேன், வாசிக்க மட்டும் கேட்கிறவருக்குப் பிடிஎஃப், திருத்தக் கேட்கிறவருக்கு டொக்எக்ஸ். ஒரே டொக்எக்ஸை வேர்டிலும் ரைட்டரிலும் மாறி மாறித் திறந்து சேமித்தால்தான் அட்டவணைகளும் டெக்ஸ்ட் பொக்ஸ்களும் குழம்புகின்றன. அதில் புதுக்கடை அண்ணா சொல்வது நியாயம், ரைட்டர் இன்னும் அந்த இடத்தில் முழுதாக நம்பக்கூடியது இல்லை.

புதுக்கடைத் தட்டச்சு:
அதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காலிவீதிக்காரன்:
அப்படியென்றால் ஒரு கோப்பை அனுப்புங்கள் அண்ணா. நான் ரைட்டரில் திறந்து, எதையும் தொடாமல் பிடிஎஃப் ஆக்கி இங்கேயே போடுகிறேன். எந்தப் பக்கம் ஓடியது என்று நீங்களே எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள்.

புதுக்கடைத் தட்டச்சு:
கட்சிக்காரரின் பெயர் உள்ளதை அனுப்ப முடியாது. பெயர், இலக்கம் எல்லாம் எடுத்துவிட்டு நாளைக்கு அனுப்புகிறேன். காணி அட்டவணையும் பந்தி இலக்கமும் உள்ளதாகப் பார்த்தே அனுப்புவேன், பாமினியில்தான். எழுத்துரு இல்லை என்று பிறகு சாட்டுச் சொல்லக் கூடாது, இப்போதே போட்டு வையுங்கள்.