ட்ரில்லில் மாட்டிய ஆகர் பிட் மண்ணில் இறங்கவில்லை, அவசர உதவி

மல்லிமொட்டு:
ஞாயிறுக்குள் மல்லிகை நட 24 குழி போட வேண்டும். ட்ரில்லில் மாட்டி மண் தோண்டுகிற திருகு பிட் ஒன்று வாங்கினேன். இரண்டு அங்குலம் போனதும் அங்கேயே நின்று சுற்றுகிறது. ட்ரில்லில் கருகல் வாசனை வேறு. வீடியோவில் சேற்றில் கம்பு இறங்குவது போல இறங்குகிறது. பிட் போலியா?

பாகூர்_வயல்:
எந்த ஊர், என்ன மண்? பிட் எத்தனை அங்குலம்? ஒயர் ட்ரில்லா, பேட்டரியா? எங்கள் பாகூர் களிமண்ணில் இந்த பிட் நன்றாக இறங்கும், ஆனால் மண் அப்பிக்கொண்டு வெளியே வராது. உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடப்பாரை:
இதே கேள்விக்குப் பல முறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்த்திருக்கலாம். ட்ரில் சுவருக்கும் இரும்புக்கும் உள்ளது. ஓர் அடிக் குழிக்கு ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி போதும் தம்பி. அடிப்படை தெரிந்துகொண்டு சாமான் வாங்குங்கள்.

மல்லிமொட்டு:
தம்பி இல்லை, நான் பெண். கடலூர், கேப்பர் மலைப் பக்கம். செம்மண், நடுநடுவே செம்பூரான் கல். பிட் 3 அங்குலம். ட்ரில் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்), ஒயர் உள்ளது. மல்லிகைப் பதியன் வந்துவிட்டது, வாடுகிறது. கடப்பாரை போட்டு ஆறு குழியிலேயே தோள் விட்டுப்போனது. ஆள் கிடைக்கவில்லை.

பட்டறை68:
அக்கா, முதலில் ட்ரில்லை நிறுத்தி ஆற விடுங்கள். கருகல் வாசனையோடு ஓட்டினால் மோட்டாரின் கம்பிச் சுற்று (காயில்) எரிந்துவிடும். சுவர் ட்ரில் நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்று ஓடும், ஆனால் முறுக்கு விசை குறைவு. மண்ணுக்கு வேண்டியது நேர்மாறு, மெதுவான சுற்றும் நல்ல முறுக்கும். அதனால்தான் இரண்டு கியர் உள்ள 18 வோல்ட் பேட்டரி ட்ரில்லில் முதல் கியரில் வைத்து இதைச் செய்வார்கள்.

இருப்பதை வைத்தே செய்ய வேண்டுமென்றால், சுத்தியல் படம் போட்ட சுவிட்சை மாற்றி வெறும் சுற்றலில் வையுங்கள். சுற்றும் திசையையும் பாருங்கள், ரிவர்ஸில் இருந்தால் இறங்கவே இறங்காது. சக் சாவியை மூன்று துளையிலும் போட்டு இறுக்குங்கள். பக்கவாட்டுக் கைப்பிடி கட்டாயம், கல்லில் சிக்கினால் ட்ரில் மணிக்கட்டைத் திருப்பிவிடும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை மேலே இழுத்து மண்ணை உதறுங்கள்.

பாகூர்_வயல்:
முந்தின நாள் சாயங்காலம் குழி போடும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி விடுங்கள். காய்ந்த செம்மண் சிமெண்ட் மாதிரி.

பட்டறை68:
ஊற்றலாம். ஆனால் ஒயர் ட்ரில், ஈர மண் இரண்டும் ஆபத்தான ஜோடி. மண் பதமாக இருக்கட்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. ரப்பர் செருப்பு போடுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பண்ருட்டி_பலா:
மூன்று அங்குலத் துளையில் செடி வைக்காதீர்கள். பிட் சுற்றிச் சுற்றிச் சுவரை வழவழப்பாக்கிவிடும், வேர் தொட்டிக்குள் இருப்பது போல உள்ளேயே சுற்றும். பலாவுக்கு நாங்கள் மூன்றடிக் குழிக்குக் குறைந்து எடுப்பதில்லை. தானே புயலில் எங்கள் பக்கம் எத்தனை மரம் சாய்ந்தது தெரியுமா?

கடப்பாரை:
தானேக்கும் குழிக்கும் என்ன சம்பந்தம்? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. அந்தக் காற்றில் ஆழ வேர் விட்ட கிழட்டு முந்திரியே சாய்ந்தது.

பண்ருட்டி_பலா:
தோப்பை நேரில் பார்த்தவன் சொல்கிறேன் ஐயா. ஆழமாகக் குழி எடுத்து வைத்தவை கிளை ஒடிந்தாலும் நின்றன.

கடப்பாரை:
உங்கள் தோப்பில் நின்றிருக்கலாம். எங்கள் தெருவில் ஒன்றும் நிற்கவில்லை.

பாகூர்_வயல்:
புயலைத் தனி இழையில் பேசுவோம். அக்கா கேட்டது மல்லிகை.

பட்டறை68:
வழவழச் சுவர் பற்றிப் பண்ருட்டிக்காரர் சொன்னது சரி. மல்லிகைக்கு ஓர் அடி நீள அகல ஆழம் வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு துளை போட்டு, இடையில் நிற்கும் மண்ணைக் கடப்பாரையால் நெம்புங்கள். பாதி உடைந்த மண் என்பதால் தோளுக்கு வலி குறையும், சுவரும் கரடாகும். செம்பூரான் கல் வந்தால் பிட்டை அழுத்த வேண்டாம், இடத்தை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மல்லிமொட்டு:
சுத்தியல் பக்கம்தான் இருந்திருக்கிறது. மாற்றினேன், நேற்றே தண்ணீர் விட்டேன். 11 குழி ஆனது, அம்மாவே இரண்டு செடி வைத்தார்கள். எல்லாருக்கும் நன்றி.

பட்டறை68:
ட்ரில் சூடு எப்படி இருக்கிறது அக்கா? வாசனை இன்னும் வருகிறதா?