சார்ட்டிக்கு என்ன சொல்: புறப்பாடா, பறப்பா, நடையா?

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

கடற்படைக் கலைச்சொல் பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ‘சார்ட்டி’ (sortie) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே மட்டும் கட்டம் வெறுமையாக நிற்கிறது. அது இல்லாமல் விமானந்தாங்கிக் கப்பல்களை ஒப்பிட்டு உருப்படியாக ஒரு பத்தி எழுத முடியாது. இந்தியா, சீனா என்று வரும் தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் எடை, நீளம், விமான எண்ணிக்கை என்று மூன்று வரியோடு முடிந்துவிடுகின்றன. நம் விக்ராந்த் 262 மீட்டர், சீனாவின் ஃபூஜியன் 316 மீட்டர். விக்ராந்த் ஏறத்தாழ 45,000 டன், ஃபூஜியன் 80,000க்கு மேல். சரி, அதனால் என்ன? ஒரு நாளில் எத்தனை முறை விமானத்தை மேலே அனுப்பி, இறக்கி, மறுபடி அனுப்ப முடியும் என்பதல்லவா கேள்வி?

நாளிதழ்களில் ‘தாக்குதல்’ என்று போடுகிறார்கள். அது தப்பு. வானத்தில் எரிபொருள் ஊட்டப் போன விமானமும், ரேடாரோடு காவல் சுற்றிய விமானமும் யாரையும் தாக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு சார்ட்டிதான். ஒரு விமானம் ஒரு பணிக்காக ஒருமுறை கிளம்பித் திரும்புவது என்பது பொருள். நான்கு விமானம் சேர்ந்து போனால் நான்கு.

என் பரிந்துரை ‘புறப்பாடு’. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுவாமி புறப்பாடு என்றால், தீர்த்தவாரி முடிந்து கோயில் திரும்புவதும் அதில் அடக்கம். போய் வருவதை ஒரே சொல்லில் சொல்லும் வசதி அதில் இருக்கிறது.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா, கோயிலில் அது சரி, விமானத்தோடு சேர்ந்தால் கெட்டுவிடும். விமான நிலையப் பலகையில் ‘வருகை’ ஒரு பக்கம், ‘புறப்பாடு’ ஒரு பக்கம் என்று எப்போதோ எழுதியாகிவிட்டது. ‘120 புறப்பாடுகள்’ என்று படிப்பவர், கிளம்பியதை மட்டும்தான் எண்ணிக்கொள்வார்.

மூலச்சொல் பிரெஞ்சு. இங்கே பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு ‘சொர்த்தி’ என்றால் கட்டடத்தின் வெளியேறும் வழி. போரில், முற்றுகைக்குள் மாட்டியவர்கள் திடீரென வெளியே பாய்ந்து அடித்துவிட்டு உள்ளே திரும்புவது. அந்தப் பழைய பொருளுக்கு உங்கள் ஊரே சான்று: 1783 ஜூன் 25 அன்று புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கடலூரிலிருந்து பாய்ந்து ஆங்கிலேய முற்றுகை வரிசையைத் தாக்கியது, எடுபடவில்லை. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் கடலூருக்கு வெளியே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானின் 15 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூசின் 18 கப்பல்களும் மோதின. கப்பல் கணக்கில் ஹியூஸ் பெரியவர். ஆனால் அவர் ஆட்களில் பலர் ஸ்கர்வி நோயில் படுத்திருந்தார்கள், குடிதண்ணீரும் குறைவு. அவர் சென்னைக்குத் திரும்ப, கடல் சுஃப்ரான் கையில் நின்றது. வெறும் எண்ணிக்கை அட்டவணை அன்றைக்கே ஏமாற்றியிருக்கிறது.

‘பறப்பு’ போதும் என்பது என் கருத்து. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

பறப்பு நேரம், பறப்பு உயரம், பறப்புப் பயிற்சி என்று அந்தச் சொல் பறக்கும் செயல் முழுதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அம்மா. நமக்கு வேண்டியது எண்ணக்கூடிய சொல்.

அது தெருவிலேயே கிடக்கிறது: நடை. மணல் லாரி இன்றைக்கு எத்தனை நடை அடித்தது? தண்ணீர் லாரி இன்னொரு நடை வருமா? ‘ஒரு நடை போய் வந்துடறேன்’ என்றால் திரும்பி வருவதும் சேர்ந்ததுதான். ஆகவே சார்ட்டி என்பது பறப்புநடை. இடம் தெளிவாக இருந்தால் வெறும் ‘நடை’.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், கணக்கையும் அது சரியாகக் காட்டுகிறது. புதுச்சேரி–கடலூர் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடும் என்பதை எஞ்சினின் உச்ச வேகமா முடிவு செய்கிறது? அரியாங்குப்பம் பாலத்து நெரிசலும் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரமும்தான். கப்பலிலும் அதே கதை. விமானம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வாலடிக் கொக்கியால் வடத்தைப் பிடித்து, நூறு மீட்டர் சொச்சத்தில் நிற்கும். அடுத்தது ஒரு நிமிட இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். அதற்குள் கொக்கியை விடுவித்து, வண்டியை எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒதுக்கி, வடத்தைப் பின்னிழுத்து, வரப்போகும் விமானத்தின் எடைக்கு ஏற்றபடி இழுவையைத் திருத்தி வைக்க வேண்டும். ஒதுக்கிய விமானத்துக்குச் சக்கரக்கட்டை, தளத்தோடு சங்கிலி. அமெரிக்கக் கப்பல்களில் ஊதாச் சட்டைக்காரர்கள் எரிபொருள் குழாயோடு வருவார்கள், சிவப்புச் சட்டைக்காரர்கள் குண்டோடு. அந்தக் குண்டு கீழ்த்தளக் கிடங்கிலிருந்து மின்தூக்கியில் ஏறி வர வேண்டும். இடையிடையே ஆட்கள் தோளோடு தோள் நின்று தளம் முழுக்க நடந்து திருகு, ஆணி, கம்பித்துண்டு பொறுக்குவார்கள். ஒரு நட்டு எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் காலி. பிறகு சோதனை, முடுக்கம், ஏவுமிடத்துக்கு நகர்த்தல்.

இறங்கியதிலிருந்து மறுபடி கிளம்பத் தயாராகும் வரை ஆகும் இந்தப் பொழுதுக்கு ‘மறுநடை நேரம்’ என்று வைக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை என்பது ‘நடைவீதம்’. அதில் இரண்டு வகை: நாள்கணக்கில் தாங்கக்கூடியது ‘நீடித்த நடைவீதம்’, கொஞ்சகாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ‘உச்ச நடைவீதம்’. அமெரிக்காவின் ஃபோர்டு கப்பலுக்கு வைத்த இலக்கு, 12 மணிநேரப் பறப்பு நாளுக்கு 160 நடை. 24 மணிநேர உச்சத்தில் 270.

இலக்கு வேறு, கைக்கு வருவது வேறு. ஃபோர்டு 2017இல் படையில் சேர்ந்தது. அதன் 11 குண்டு மின்தூக்கிகளில் கடைசியானது 2021 டிசம்பரில்தான் ஒப்படைக்கப்பட்டது. விமானத்தை உந்தி மேலே அனுப்பும் மின்காந்த ஏவுகருவி சராசரியாக 4,166 ஏவலுக்கு ஒருமுறைதான் பழுதாகலாம் என்பது நிபந்தனை. 2020 சோதனைக் கணக்கில் 181க்கு ஒருமுறை நின்றது. போதாக்குறைக்கு, நான்கு ஏவுகருவிகளில் ஒன்றுக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டித்துப் பழுது பார்க்கவும் அந்த வடிவமைப்பில் வழியில்லை.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

‘நடை’க்கு உரைநடை, கோயில் நடை திறப்பு, வீட்டு நடை என்று ஏகப்பட்ட பொருள். அதைக்கூட விட்டுவிடலாம், எண்ணைப் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வராது. ஆனால் பஸ்காரர்கள் சிலர் போக ஒரு நடை, வர ஒரு நடை என்று எண்ணுவார்களே? வரையறையில் ‘கிளம்பித் திரும்புவது ஒரு நடை’ என்று கட்டாயம் எழுதுங்கள்.

அதோடு ஒரு எச்சரிக்கை. 2023 ஏப்ரல் 7 முதல் 9 வரை சீனாவின் ஷான்டோங் கப்பலில் 120 நடை நடந்ததாக ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அதில் போர் விமானம் 80, மீதி 40 ஹெலிகாப்டர். 1997 ஜூலையில் அமெரிக்காவின் நிமிட்ஸ் கப்பலில் நான்கு நாளில் 975 நடை, எல்லாம் இறக்கை விமானங்கள். ஹெலிகாப்டரை விட்டுவிட்டு வகுத்துப் பார்த்தால் ஷான்டோங்கில் நாளுக்கு ஏறத்தாழ 27, நிமிட்ஸில் 244. இதை அப்படியே அட்டவணையில் போட்டு ‘ஒன்பது மடங்கு’ என்று தலைப்புப் போட்டால் அநியாயம். நிமிட்ஸ் செய்தது எல்லையைச் சோதிக்கும் பயிற்சி, அதற்காகக் கூடுதல் விமானிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஷான்டோங் தைவான் பக்கம் ரோந்து போனது. ஒன்று உச்சம், மற்றது அன்றாடம். ஆகவே எந்த வகை, எத்தனை நாள், ஹெலிகாப்டர் சேர்த்தியா என்று மூன்றும் இல்லாமல் நடைக் கணக்கு எழுதக்கூடாது.

கடலூர் முதுநகரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். நாலாவதாக ‘நடைச்சுமை’யும் வேண்டும், அதாவது ஒரு நடைக்கு எவ்வளவு எரிபொருளும் குண்டும் ஏற்றிப் போகிறது என்பது. நம் விக்ரமாதித்யா, விக்ராந்த், சீனாவின் லியாவோனிங், ஷான்டோங் நான்கும் முகப்பில் மேல்நோக்கி வளைந்த ஏற்றமேடை கொண்டவை. ஏவுகருவி இல்லாததால் விமானம் தன் எஞ்சின் பலத்தில் ஓடி, வளைவில் ஏறிக் கிளம்ப வேண்டும். கப்பல் காற்றுக்கு எதிர்முகம் திரும்பி வேகம் எடுத்தாலும் எரிபொருளிலோ குண்டிலோ கொஞ்சம் குறைத்தாக வேண்டும். முழு லோடு லாரியும் அரை லோடு லாரியும் ஆளுக்கு ஆறு நடை அடித்தால் கரையில் கொட்டிய மணல் ஒன்றாகுமா? கனமான ரேடார் விமானத்தையும் ஏற்றமேடையிலிருந்து அனுப்ப முடியாது. அதனால்தான் நாம் ரேடார் பொருத்திய காமோவ்-31 ஹெலிகாப்டரை வைத்து ஒப்பேற்றுகிறோம். 2025 நவம்பரில் படையில் சேர்ந்த ஃபூஜியனில் மூன்று மின்காந்த ஏவுகருவிகள். கேஜே-600 ரேடார் விமானம் அதிலிருந்து கிளம்பியாகிவிட்டது. டன் கணக்கைவிட எனக்கு உறுத்துவது இந்த ஒரு விமானம்தான்.

பறக்கத் தகுதியுள்ள விமானம் எத்தனை என்பதும் நடைவீதத்தை அறுக்கும். மிக்-29கே விமானங்களின் தகுதி 15.93 முதல் 37.63 சதவீதம் வரைதான் என்று தலைமைத் தணிக்கையாளரின் 2016 அறிக்கை குறித்தது. தளத்தில் 20 நின்றால், மேல்வரம்பில்கூட ஓடக்கூடியது ஏழு. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

புறப்பாட்டை நான் திரும்பப் பெறுகிறேன். பறப்புநடை, நடைவீதம், மறுநடை நேரம், நடைச்சுமை நான்கையும் ஏற்றிவிடுகிறேன். கொக்கி பிடிக்கும் கம்பிவடத்துக்கு ‘நிறுத்துவடம்’ சரியா? ‘தடுப்புக் கம்பி’ என்றால் வேலி மாதிரி இருக்கிறது.

கடலூர் முதுநகரிலிருந்து:

நிறுத்துவடமே நல்லது, தேர்வடம் இழுத்த ஊருக்கு வடத்தின் கனம் தெரியும். ஏறத்தாழ நூறு தரையிறக்கத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள். கீழே அதைப் பிடித்து நிறுத்தும் இயந்திரத்தில் பராமரிப்பு ஒரு படி தவறினாலும் போச்சு. 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசனோவர் கப்பலில் அப்படித்தான் வடம் அறுந்து வீசி எட்டு மாலுமிகள் காயப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிரியா அருகே ரஷ்யாவின் குஸ்னெத்சோவில் வடக்கோளாறைச் சரிசெய்யும் வரை மேலே சுற்றிய மிக்-29கே எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது. டிசம்பரில் வடம் அறுந்து ஒரு சு-33 போனது. இந்தச் சிக்கலுக்கு நடுவே விமானங்கள் பலவற்றைக் கரைத்தளத்துக்கு மாற்றினார்கள். அந்த அளவுக்குக் கப்பலின் நடைவீதம் விழுந்தது.

‘போல்ட்டர்’ விடுபட்டிருக்கிறது. கொக்கி வடத்தைப் பிடிக்காமல் போவது: ‘வடந்தப்பல்’. இதற்காகத்தான் விமானி தளத்தைத் தொட்டதும் எஞ்சினை முழுவிசைக்கு ஏற்றிவிடுகிறார், தப்பினால் அப்படியே மேலே எழலாம். மூன்று முறை தப்பி நாலாவதில் பிடித்தாலும் அது ஒரே நடைதான், நான்காக எண்ணக்கூடாது. இந்தக் குறிப்பை ‘நடை’க்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.